இருமல் மருந்து குடித்தேன், ராஜினாமா கேட்கிறார்கள்

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு குடோனில் இரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். போன திங்கட்கிழமை ஷிஃப்ட் ஏறும் முன் எல்லோரிடமும் சிறுநீர் வாங்கி டெஸ்ட் செய்தார்கள். எனக்கு 'ஓபியேட் பாசிட்டிவ்' என்றார்கள். நான் பீடிகூடத் தொடாதவன். சனி, ஞாயிறு ராத்திரி இருமல் மருந்து குடித்தேன். அதில் கோடீன் இருப்பதைப் பிறகுதான் பாட்டிலில் பார்த்தேன். தக்கலையில் டாக்டர் எனக்கு எழுதித் தந்த மருந்துதான், ஆனால் சீட்டு தொலைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் நானே ஒரு லேபில் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். அதைக் காட்டியும், 'நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவோம்' என்கிறார் எச்.ஆர். என்ன செய்யட்டும், வக்கீல் சார்? அண்ணன் ஷார்ஜாவில் எனக்கு விசா பார்க்கிறார். அதற்கும் இடைஞ்சல் வருமா?

பதில்: முதலில், அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. ஒரு மாத நோட்டீஸோ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதென்றால், விசாரணை நடத்தி அதில் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். பணிநீக்க உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். இதெல்லாம் 'அவர்கள் அனுப்பினார்கள்' என்றால்தான். 'நானாகவே போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கே இடமில்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எச்.ஆர். ராஜினாமாவாகவே கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். குடோனில் வைத்துப் பார்த்தது ஸ்ட்ரிப் டெஸ்ட். அதில் ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒரு 'டி' கோடு இருக்கும். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர் எதிர் இது: கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால் பாசிட்டிவ். மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான். என்னிடம் வந்த ஒரு பையனுடைய ஸ்ட்ரிப் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நூல் போல ஒரு கோடு. மங்கலாக இருக்கிறதென்று பாசிட்டிவ் எழுதியிருந்தார்கள்! உங்கள் ஸ்ட்ரிப்பின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கோடு விழவே இல்லை என்றாலும் ஆச்சரியமில்லை. கோடீனின் ஒரு பகுதியை ஈரல் மார்ஃபினாக மாற்றிவிடும். ஸ்ட்ரிப்புக்கு ஹெராயினும் தெரியாது, இருமல் மருந்தும் தெரியாது. ஓபியேட் எனப்படும் அபின் குடும்பத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். கசகசாவிலும் துளி மார்ஃபின் உண்டு. அதனால்தான் அமெரிக்க அரசு 1998-ல், பாசிட்டிவ் என்று சொல்வதற்கான ஓபியேட் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. நம் ஊர்க் கடைகளில் இரண்டு அளவு கிட்டும் கிடைக்கும். எந்த அளவு கிட்டில் பார்த்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

உண்மையைப் பிரித்துக் காட்டுவது ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். என்கிற உறுதிப்படுத்தும் பரிசோதனை. இருமல் மருந்து என்றால் பெரும்பாலும் கோடீன் கூடுதலாகவும் மார்ஃபின் குறைவாகவும் வரும். அதைத் திங்கட்கிழமை கொடுத்த அதே சிறுநீரில் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்கள் செலவழித்தது, வருத்தத்தோடு சொல்கிறேன், வீண். கோடீன் இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். கஞ்சா என்றால் கதை வேறு, தினமும் பிடிப்பவருக்கு வாரக்கணக்கில் காட்டும்.

ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில், பெற்றதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். கோடீன் கலந்த மருந்து குடித்ததைச் சொல்லுங்கள். மாதிரியை என் முன்னால் சீல் வைத்தீர்களா, பாட்டிலில் என் கையெழுத்து வாங்கினீர்களா, இப்போது எங்கே, எந்தக் குளிரில் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். கீழே கொட்டிவிட்டோம் என்று பதில் வந்தால், விசாரணையில் அவர்கள் கையில் மிஞ்சுவது ஒரு ஸ்ட்ரிப் மட்டும்.

சீட்டு தொலைந்ததற்குக் கவலைப்பட வேண்டாம். கோடீன் 'எச்1' பட்டியல் மருந்து. விற்கும் மெடிக்கல் ஷாப் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாங்கிய கடைக்குப் போய் அந்த வரியின் நகலைக் கேளுங்கள். டாக்டரிடமும் ஒரு சான்று வாங்குங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். 1985-ன் போதைப்பொருள் சட்டம், பிரிவு 27, மார்ஃபின் போன்றவற்றை உட்கொண்டால் ஒரு வருடம் வரை சிறை என்கிறது, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 8 மருத்துவத் தேவையை விலக்கி வைத்திருக்கிறது. எச்.ஆர். வாட்ஸ்அப்பில் மிரட்டியிருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். கோடீன் தூக்கம் வரவழைக்கும். ஆள் நடமாடும் இடத்தில் டன் கணக்கில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவர் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் வழக்குதான். வக்கீல் ஃபீஸ் கையைக் கடித்தால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். 15100-க்கும் போன் செய்யலாம்.

ஷார்ஜா விசாவுக்கு இந்த ஸ்ட்ரிப் இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்த நாட்டில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன், அந்த நாட்டு அரசின் அனுமதியை ஆன்லைனில் வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அம்மா அண்ணனுக்கென்று மசாலா சாமான் கட்டித் தந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள், கசகசாப் பொட்டலம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே அது தடை செய்த பொருள்.