மாடி முதலில், பேனல் பிறகு

மாடியில் சோலார் போடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பல வருடங்களாகக் கூரைகளில் பேனல் பொருத்தி வரும் மின்பணியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் மாடியில் 10 பேனல் வைக்கப்போகிறோம். மதியத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் மட்டும் விழும். பத்தில் ஒன்று, அதிலும் ஓரம்தானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த ‘ஓரம்தானே’யில் ஆரம்பித்தவைதான்.

பேனல் வெளியே ஒரே கண்ணாடியாகத் தெரிந்தாலும், உள்ளே வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிறு தகடுகளை, அதாவது செல்களை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒரு செல்லில் வெயில் குறைந்தால், அதோடு கோத்த மற்றவையும் அதன் அளவுக்கே மின்சாரம் ஓட்ட முடியும். இதைச் சமாளிக்கப் பேனலை நீளவாக்கில் மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒன்றாகப் பின்புறப் பெட்டியில் வழக்கமாக 3 பைபாஸ் டையோடு (மின்சாரத்துக்கு மாற்றுவழி விடும் சிறு பாகம்) வைத்திருப்பார்கள். நிழல் பட்ட பகுதியை விட்டுவிட்டு மின்சாரம் அதன் வழியாகப் போய்விடும். அந்தப் பகுதியின் உற்பத்தி மட்டும் நஷ்டம்.

நிழல் எந்த ஓரத்தில் விழுகிறது என்று பாருங்கள். பேனலின் நீள ஓரத்தில் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போகும். அகல ஓரத்தில், கையளவு பட்டையாக விழுந்தாலும், மூன்று பகுதியும் ஒரே நேரத்தில் அடிபடும். பழைய வகைப் பேனல் என்றால் முழுதும் போச்சு. இப்போது வரும் அரைச்செல் பேனலில் (செல்களைப் பாதியாக வெட்டி, மேல் பாதி, கீழ்ப் பாதி என்று தனித்தனியாகக் கோத்தது) பாதி மிஞ்சும். அதனால் பேனலைப் படுக்க வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்பதை நிழலைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். ‘அழகுக்காக’ முடிவு செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அளவெடுக்க வருபவர் நண்பகலில் வந்து, நிழலே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். நண்பகலில் எங்கேதான் பெரிய நிழல் இருக்கும்? காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, மணிக்கொரு தடவை செல்போனில் மாடியைப் படம் எடுத்து வையுங்கள். சூரியன் தாழ்ந்து போகும் மாதத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் சில மாதம் வடக்கேயும் சில மாதம் தெற்கேயும் போகும், அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவர், டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி எல்லாமே கணக்கில் வரும். பக்கத்து வீட்டு மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனல் 25 வருடம் இருக்கும், மரம் அதுவரை சும்மா இருக்காது.

தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு 9 பேனலோடு நிறுத்துங்கள். இரண்டும் முடியாதபோதுதான், ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்க வைக்கும் ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டர் என்ற கருவி. நிழலால் வரும் நஷ்டத்தை அவை குறைக்கும், ஆனால் நிழலை வெயிலாக்காது.

கேள்வி: தளத்தில் துளை போட்டால் ஒழுகும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். துளையே வேண்டாம், கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்திவிடலாம் என்கிறார் பொருத்துபவர். எதைக் கேட்பது?

பேனலின் கனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ, பரப்பு இரண்டரை சதுர மீட்டர். நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது பொருட்டே இல்லை. பயப்பட வேண்டியது காற்றுக்கு. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று அந்த ஒரு பேனல்மேல் 270 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தலாம். அடியில் புகுந்தால் அதே மாதிரி தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மாடியின் விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் கடுமை, அதனால் பேனலை ஓரம்வரை தள்ளி வைக்காதீர்கள். கீழே நடக்க இடம் வேண்டும் என்று பந்தல் போல உயரத்தூக்கிக் கட்டினால் காற்றின் பிடி அதிகமாகும், கால்களுக்குக் குறுக்குக் கம்பி கட்டாயம்.

கட்டை வைப்பது நல்ல முறைதான், எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு வைத்தால். கண்ணளவில் நாலு கட்டை வைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் முறை இல்லை. கட்டைகளின் கனத்தைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். துளை போடுவதாக இருந்தால், தளத்தில் சிறு கான்கிரீட் பீடம் கட்டி, போல்ட்டை ரசாயனப் பசையில் இறுக்கி, பீடத்தைச் சுற்றி நீர்க்காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். எதுவானாலும், தளம் ஏற்கெனவே ஒழுகுகிறதா என்று முதலில் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒழுகினால் பேனல் ஏறுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். பேனல் ஏறிய பிறகு என்றால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் இரும்புக் கால்களைக் குனிந்து பாருங்கள். துத்தநாகம் பூசிய கம்பியை மாடியிலேயே வெட்டி வெல்டிங் வைத்திருந்தால், அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கேள்வி: வெயில் கொளுத்துகிறது, ஆனால் கரண்ட் போனால் வீட்டிலும் இருட்டு. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அப்படித்தான் நடக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்து ஊழியர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் வெளியே போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் வெளியே கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கரண்ட் போன நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு தேவை. வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லாதது தப்புதான்.

கேள்வி: கோடையில் உற்பத்தி எகிறும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லையே?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனலில் அச்சிட்ட வாட் அளவு செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 65 டிகிரி என்றால் 14 சதவீதம் போய்விடும். அடியில் காற்று போக இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரையும் வெயிலில் மாட்டாதீர்கள், சூடானால் அதுவும் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: பேனல்மேல் ஏறி நின்று கழுவலாமா?

கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைப் படலம் பிடிக்கும், உடனே துடைத்துவிட வேண்டும். பேனலைக் குறைந்தது 10 டிகிரி சாய்த்து வைத்தால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வீடியோ பார்த்துத் தானே பொருத்திவிடுவதாக மகன் சொல்கிறான். விடலாமா?

ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்தப் பேனல்களில் 10 ஐத் தொடராகக் கோத்தால் சுமார் 500 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை அந்த ஒயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் நொடிக்கு நூறு தடவையாவது பூஜ்ஜியத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது, பிடித்த பொறி எரிந்துகொண்டே நிற்கும். ஓடும்போது இணைப்பியைப் பிடுங்கினால் கை போகும்.

நிழல் படம் எடுப்பது, புறா கூடு கட்டாமல் வலை அடிப்பது, தினசரி உற்பத்தியைக் குறித்து வைப்பது எல்லாம் மகன் செய்யட்டும். ஒயர் வேலையை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். அப்புறம், மாட்டும்போது மகனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: கோக்கும் இரண்டு எம்சி4 இணைப்பிகளும் ஒரே நிறுவனத்துடையவையா என்று. வேறு வேறு என்றாலும் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும், கொஞ்ச காலம் ஓடவும் செய்யும். உள்ளே தொடுமுனை சரியாகப் பதியாமல் சூடேறி உருகுவது பிறகுதான் தெரியும்.