நேரில் பார்க்காமல் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: டொக்டர் அம்மா, கருக்கலைப்பு மாத்திரைகளைத் தொலைபேசி வழியாகப் பரிந்துரைப்பதைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் சில சட்டம் கொண்டுவருவதாக வாசித்தேன். நேரில் பார்க்காமல் இத்தகைய மருந்தைக் கொடுப்பது ஆபத்தில்லையா? எங்கள் தோட்டப் பெண்கள் இதில் அறிய வேண்டியது ஏதும் உண்டா?
– ஆசிரியை ஒருவர், அட்டன்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. மிஃபெப்ரிஸ்டோன், மிசோபுரோஸ்டோல் ஆகிய இரண்டும் அடுத்தடுத்துக் கொடுக்கப்படும் மருந்துகள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற முதலாவது மருந்தை நேரில் வந்தே பெற வேண்டும் என்றிருந்த விதி, 2021இல் தளர்ந்து 2023 ஜனவரியில் முறைப்படி நீக்கப்பட்டது. இதற்கிடையில், 2022 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டதால், லூசியானா மாநிலம் 2024 ஒக்டோபரில் இவ்விரண்டையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாக்கியது. இது எனக்குப் பெரும் கவலை தருகிறது. ஏனெனில் பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தத்தை நிறுத்தவும் மிசோபுரோஸ்டோல் உடனடியாகக் கைக்கு எட்ட வேண்டும்.

பொறுப்புள்ள வைத்தியர் தொலைபேசியிலும் கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தரித்ததா, லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) உள்ளே இருக்கிறதா என்பனவற்றை விசாரித்து, சந்தேகமிருந்தால் ஸ்கேன் செய்ய அனுப்புவார். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இம்முறையை ஏற்கிறது. ஆகவே கட்டாயம் நேரில் வர வேண்டும் என்ற விதி பாதுகாப்பைக் கூட்டுவதைவிட, தூரத்தில் வாழும் ஏழைப் பெண்ணின் சுமையையே கூட்டும் என்பது என் கருத்து. மேல் பிரிவு லயத்திலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பதால், மற்றக் காரணங்களுக்காகக் கருவைக் கலைக்க எந்த வைத்தியரும் இம்மாத்திரைகளைச் சட்டப்படி எழுதித் தர முடியாது. அப்படியிருந்தும், எத்தனை வாரம் என்று தெரியாமலே யாரோ இரகசியமாகக் கொடுத்ததை விழுங்கிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் நனைந்தாலோ, மயக்கமோ, தோள்பட்டை வலியோ, காய்ச்சலோ வந்தாலோ, தோட்டத்து லொறிக்காகக் காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். விழுங்கிய மாத்திரையின் அட்டை மிஞ்சியிருந்தால் அதையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டட்டும்.