கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அம்மோனியா குறையவே இல்லை. பாக்டீரியா பொடி வாங்கிப் போடலாமா?

வாங்காதீர்கள். ராத்திரி புளோயரை (தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்துகிறார்களா என்று முதலில் ஆப்பரேட்டரிடம் கேளுங்கள். நிறுத்துவார்கள் என்றே நினைக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன்.

அம்மோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ் வகைகள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றை நிறுத்திவிட்டு எந்தப் பொடியைப் போட்டும் பயனில்லை.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு குடியிருப்பில் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவு முழுக்க நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் போய் ஓட்டவைத்தேன். மூன்றே வாரத்தில் அம்மோனியா இறங்கியது. ஆனால் கிளாரிஃபையரில், அதாவது தெளியவைக்கும் தொட்டியில், ஸ்லட்ஜ் (பாக்டீரியா சேறு) அடை அடையாக மேலே மிதந்தது. செயலாளர் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். "சரி பண்ணச் சொன்னா கெடுத்து வச்சிருக்கியேப்பா!" இன்றும் அந்த வார்த்தை உறுத்துகிறது.

அவர் கண்ணெதிரிலேயே ஒரு லிட்டர் சிலிண்டரில் பிடித்து வைத்தேன். அரை மணியில் ஸ்லட்ஜ் அழகாகப் படிந்தது. இரண்டு மணி நேரத்தில் மொத்தமாக மேலே வந்தது. குச்சியால் லேசாகக் கலக்கியதும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வெளியேற, மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. அந்தக் குமிழ் நைட்ரஜன் வாயு. காற்றில்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை விட்டுவிடும். காற்று ஊதாத அனாக்சிக் டேங்கில் நடக்க வேண்டியது கிளாரிஃபையரில் நடந்துகொண்டிருந்தது. காரணம், நைட்ரேட் தண்ணீரை அனாக்சிக் டேங்குக்குத் திருப்பும் பம்பு எரிந்து மாதக்கணக்காகக் கிடந்ததுதான். பம்பு மோட்டாருக்குப் புதிதாகக் காயில் சுற்றி ஓட்டியதும் மிதப்பது நின்றது. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது போன காரத்தன்மையில் பாதி இதில் திரும்பிவிடும் என்பதால் சோடா ஆஷ் (காரம் ஏற்றப் போடும் பொடி) செலவும் குறைந்தது.

பொடி விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். புதிதாகத் தொடங்கும் இடத்துக்கும் நன்றாக ஓடும் பிளான்ட்டிலிருந்து ஒரு லாரி ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றுவதே மேல் என்பது என் அனுபவம். அனமாக்ஸ் (காற்றில்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா முறை) பற்றிச் சொல்ல வருபவர்களுக்கும்: 2002-ல் ராட்டர்டாமில் வந்த ஆலை ஸ்லட்ஜ் பிழிந்த சூடான, அம்மோனியா மிகுந்த நீருக்கு. அடுக்ககச் சாக்கடைக்கு அது சரிவராது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சொற்பச் சம்பளத்துக்கு வரும் ஆப்பரேட்டரைத்தான் பம்பு அடைத்தால் கலெக்‌ஷன் டேங்குக்குள் இறங்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பொடிக்கு ஒதுக்கிய பணத்தில் தொட்டியில் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் ஒரு கேஸ் மீட்டர் வாங்கச் சொல்லுங்கள்.