தொந்தரவே இல்லை, பிபி மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 48 வயது. இரண்டு மாதமாக பிபி 150/95 என்றே காட்டுகிறது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. அவசியம் மாத்திரை போட வேண்டுமா?

பதில்: போடத்தான் வேண்டும். பிபி கூடினால் அடிபடுவது தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அதன் உட்படலத்துக்கு நரம்பு கிடையாது. அங்கே நடக்கிற சேதம் வலியாக வந்து உங்களிடம் சொல்லாது.

அந்த உட்படலத்தில் எண்டோதீலியம் செல்கள் ஒரே அடுக்காகப் பாவியிருக்கின்றன. ரத்தம் உரசிச் செல்லும்போது அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, பக்கத்துத் தசைச் செல்களைத் தளர்த்துகின்றன; குழாய் விரிகிறது. இதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அழுத்தம் ஓயாமல் கூடியே இருந்தால் அந்தச் சுரப்பு குன்றி, குழாய் இறுகுகிறது. செல்களுக்கு இடையிலான பிடிப்பும் விட்டுப்போய், கெட்ட கொழுப்பு சுவருக்குள் கசிகிறது. குழாய் நேராகப் போகும் இடத்தில் இந்தச் செல்கள் ரத்தம் ஓடும் திசையில் நீண்டு படுத்திருக்கும். கிளை பிரியும் இடத்திலோ ரத்தம் சுழல்வதால் ஒழுங்கு குலைந்து கிடக்கும். கொழுப்பு முதலில் படிவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்த அடுக்கில் இருப்பவை தசைச் செல்கள். சிறு தமனிகளில் அழுத்தத்தைத் தாங்குவதற்காக இவை நெருங்கி அடுக்கி, சுவரைத் தடிமனாக்குகின்றன. சுவர் தப்பிக்கிறது, உள்வழி குறுகிவிடுகிறது. ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்காகும். அதனால் பிபி இன்னும் ஏறும், சுவர் இன்னும் தடிக்கும். சிறுநீரகமும் விழித்திரையும் முதலில் அடிபடுவது இப்படித்தான். பெரிய தமனிகளிலோ மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்து, கொலாஜன் என்ற விறைப்பான நார் சேர்கிறது. அறுந்த எலாஸ்டினைப் பெரியவர்களின் உடல் அநேகமாகத் திரும்ப உண்டாக்குவதில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: மாத்திரையால் 126/80-க்கு வந்துவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: அந்த 126, மாத்திரை வேலை செய்வதால் வந்த கணக்கு. 'ஒருமுறை தொட்டால் விடமுடியாது' என்று பயப்படுகிறார்கள். இது போதைப் பழக்கம் இல்லை. எடையும் உப்பும் குறைந்தால் டாக்டரே அளவைக் குறைக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வகை மாத்திரைகளைத் திடீரென விட்டால் பிபி எகிறிவிடும். உப்பு, ஊறுகாய் அப்பளத்தில் இருப்பதையும் சேர்த்து, நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும்.

வீட்டில் பிபி பார்க்கும்போது 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கை இதய மட்டத்தில் இருக்கப் பாருங்கள். அதற்கு அரை மணி முன்பிருந்தே காபி வேண்டாம். கையைத் தொங்கவிட்டாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடுதலாகக் காட்டும்.