கிழக்கு ரோமில் யார் பெரியவர், பேரரசரா திருச்சபையா? – கேள்வி பதில்

கேள்வி: கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தானே?

பதில்: இல்லை. 313-ல் அவரும் சக பேரரசர் லிசினியஸும் கொடுத்தது வழிபாட்டு உரிமை, எல்லா மதத்துக்கும். அரசு மதம் என்ற ஆணை 380-ல், பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் வந்தது.

கேள்வி: நீசேயா சங்கத்தில் (ஆயர்கள் கூடிய மாநாட்டில்) ஓட்டுப் போட்டு பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தார்களாமே?

பதில்: கட்டுக்கதை. 325-ல் அங்கே நடந்த பெரிய சண்டை ஏரியஸ் என்ற குருவின் கொள்கை பற்றியது: மகனான கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவர் என்றார் அவர். அப்புறம் ஈஸ்டர் தேதி. பைபிள் பட்டியல் பேச்சுக்கே வரவில்லை.

கேள்வி: பேரரசர்தான் திருச்சபைக்கும் தலைவர் என்று படித்திருக்கிறேன்.

பதில்: பேரரசர் ஆறாம் லியோவின் கதையைக் கேளுங்கள். மூன்று மனைவிகளும் இறந்துபோனார்கள், ஆண் வாரிசு இல்லை. மூன்றாம் திருமணத்தையே கண்டித்துச் சட்டம் போட்டவர் அவர்! 905-ல் காதலி ஸோயி ஒரு மகனைப் பெற்றாள். அவளை அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கான்ஸ்டான்டினோபிள் சபையின் தலைவரான முதுபெரும் தந்தை நிக்கோலஸ் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லியோவோ சில நாளிலேயே அவளை மணந்துகொண்டார். 906 கிறிஸ்துமஸ் அன்று தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவின் வாசலிலேயே பேரரசரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார் நிக்கோலஸ். தலைவரை இப்படியா நடத்துவார்கள்?

கேள்வி: பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். 907-ல் நிக்கோலஸைத் தூக்கியடித்தது யார்? பேரரசர்தானே?

பதில்: சரி, மடக்கிவிட்டீர்கள். ஆளை மாற்ற அவரால் முடியும், மாற்றினார். ஆனால் லியோ இறந்ததும் நிக்கோலஸ் திரும்பி வந்தார். 920-ல் நான்காம் திருமணம் கூடாது என்று சபை அறுதியாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று: 1274-ல் பேரரசர் எட்டாம் மைக்கேல், பிரான்சின் லியோன் நகரில் கூடிய சங்கத்தில், ரோமில் உள்ள போப்பின் சபையோடு தன் சபையை இணைத்தார். எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளினார். 1282-ல் அவர் இறந்தபோது சபை மரியாதையோடு அடக்கம்கூடக் கிடைக்கவில்லை. பதவி பேரரசர் கையில், விசுவாசம் அவர் கையில் இல்லை.

கேள்வி: திருவுருவங்களை (இயேசு, புனிதர்களின் படங்களை) உடைத்தவர்களும் பேரரசர்கள்தானே? அது விசுவாசம் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754-ல் சங்கமே கூட்டித் திருவுருவங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டார். 787-ல் அது ரத்து. 815-ல் மறுபடி தடை, 843-ல் மறுபடி ரத்து. ஆனால் இரண்டு முறையும் ரத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் அரண்மனைப் பெண்களே, ஐரீனும் தியோடோராவும். இதில் உங்களுக்கு அரை மார்க் தருகிறேன்.

கேள்வி: பைபிளைத் தொகுக்கச் சொன்னது கான்ஸ்டன்டைன்...

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பைசாந்தியர்கள் (கிழக்கு ரோமப் பேரரசின் மக்கள்) தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள்?

பதில்: ரோமர் என்றுதான்.

கேள்வி: ஒட்டோமான் சுல்தான்கள் சபையை எப்படி நடத்தினார்கள்?

பதில்: 1453-ல் கான்ஸ்டான்டினோபிள் ஒட்டோமான்களிடம் வீழ்ந்தது; அதற்குப் பிறகு என் எல்லை இல்லை. துருக்கிய வரலாறு படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: நீசேயாவில் ஓட்டெடுப்பு...

பதில்: ஐயா!