மலை மொழிகளும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

மனித மொழியைக் கணினி கையாளும் வழிகளை ஆராயும் கணினி மொழியியல் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு, நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: குன்னூர் அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். செல்பேசியில் பேசினால் தமிழில் எழுதித் தரும் வசதியைப் பயன்படுத்துகிறேன். செய்தி வாசிப்பதுபோல் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. வழக்கம்போல் பேசினால் கொழுந்து, கவாத்து போன்ற சொற்களெல்லாம் தாறுமாறாகிவிடுகின்றன. இத்தகைய கருவிகளுக்குத் துல்லியம் இத்தனை சதவீதம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: பேச்சை எழுத்தாக்கும் கருவி தான் கேட்டுப் பழகிய பேச்சைத்தான் நன்றாக அடையாளம் காணும். பயிற்சிக்குத் திரட்டப்படும் தமிழ் ஒலிப்பதிவுகளில் கணிசமானவை, ஏற்கெனவே எழுதி வைத்த வாக்கியங்களை யாரோ ஒருவர் பார்த்துப் படித்தவை. கொழுந்து எடுக்கும் இடத்தில் நடக்கும் பேச்சு அவற்றில் அரிது. மேலும், ஒலி ஐயத்துக்கிடமாக இருக்கும்போது, அந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டே கருவி முடிவெடுக்கிறது. அது படித்த உரைகளில் 'கொழுந்து' அரிதாகவும் 'குழந்தை' ஏராளமாகவும் இருந்தால், முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

துல்லியக் கணக்குக்கு வருவோம். இத்துறையில் பரவலாக வழங்கும் அளவுகோல் சொற்பிழை விகிதம். கருவி மாற்றி எழுதிய சொற்கள், விட்டுவிட்ட சொற்கள், புதிதாகச் சேர்த்த சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசப்பட்ட சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நீங்கள் 'நேத்து பறிச்ச கொழுந்த ஃபேக்டரிக்கு அனுப்பியாச்சு' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம், ஐந்து சொற்கள். ஒரு கருவி இதை 'நேற்று பறித்த கொழுந்தை ஃபேக்டரிக்கு அனுப்பியாயிற்று' என்று எழுதினால், ஐந்தில் நான்கு சொற்கள் மாறிவிட்டதால் பிழை விகிதம் 80 சதவீதம். இன்னொரு கருவி 'நேத்து பறிச்ச குழந்த ஃபேக்டரிக்கு அனுப்பியாச்சு' என்று எழுதினால், ஒரே ஒரு சொல் மாறியதால் பிழை 20 சதவீதம்தான். முதலாவதைப் படிப்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாவதைப் படிப்பவருக்குச் செய்தியே போய்விட்டது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் தமிழுக்கும், ஒரு விகுதி பிசகினாலே முழுச் சொல்லும் தவறாக எண்ணப்படும் ஒட்டுநிலை மொழிகள் (வேரோடு விகுதிகள் ஒட்டிச் சொல் நீளும் மொழிகள்) எல்லாவற்றுக்கும், இந்த அளவுகோலைத் தனியாக நம்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. எழுத்து அளவில் பிழையைக் கணக்கிடுவது ஓரளவு உதவும். அதைவிட முக்கியம், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையோ அரசுத் துறையோ இப்படியொரு கருவியை உழவர்களுக்குக் கொடுக்குமுன், உங்கள் ஊர்ப் பேச்சைப் பதிவுசெய்து, தொழிலுக்கு இன்றியமையாத சொற்கள் சரியாக வருகின்றனவா என்று தனியே சோதிப்பது. அந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: கொடைக்கானலில் இருந்துகொண்டு இணையவழியாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் டோக்கன் (உரையை வெட்டிக் கிடைக்கும் சிறு துண்டு) கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் ஏன் கூடுகிறது?

பதில்: 'நீலகிரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையிலோ ந, ஈகாரக் குறி, ல, க, இகரக் குறி, ர, இகரக் குறி என ஏழு குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) தேவைப்படுவதால், மொத்தம் 21 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதும் ஏழு எழுத்துகளுக்கு ஏழு பைட்தான்.

இந்த வேறுபாடு மட்டும் காரணமாக இருந்தால் சமாளித்துவிடலாம். 1994-இல் ஃபிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக, அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளை ஒன்றாக்கிக்கொண்டே போகும் முறையொன்றை வெளியிட்டார். அதை 2016-இல் சென்ரிச், ஹாடோ, பிர்ச் ஆகிய மூவர் இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தனர். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் (ஏராளமான உரையைப் படித்துப் பழகி, தாமே உரை எழுதும் நிரல்கள்) பலவும் அந்த வழியில்தான் உரையைத் துண்டாக்குகின்றன. எந்தத் துண்டுகள் ஒன்றாகும் என்பதைப் பயிற்சி உரையில் அவை எத்தனை முறை வந்தன என்பதே தீர்மானிக்கிறது. ஆங்கிலம் பெருகி, தமிழ் சொற்பமாக இருக்கும் உரையில், ஆங்கிலச் சொற்கள் முழுதாக ஒன்றுகூடிவிடும். தமிழ்ச் சொற்கள் சிதறியே கிடக்கும். கட்டணம் மட்டுமன்று, ஒரே நேரத்தில் மாதிரி பார்வையில் வைத்துக்கொள்ளக்கூடிய உரையின் நீளமும் தமிழுக்குக் குறைந்துவிடுகிறது. பயிற்சியில் தமிழுக்குப் போதிய இடம் கொடுத்து, சொற்பகுதிகளை வேர், விகுதி எல்லைகளை ஒட்டிப் பிரித்தால் நிலைமை தேறும்.

கேள்வி: இத்துறை ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் பணம் கட்ட வேண்டுமா? – கூடலூர் வாசகர்

பதில்: வேண்டாம். 1962-இல் தொடங்கப்பட்ட கணினி மொழியியல் சங்கம் தன் மாநாட்டுக் கட்டுரைகளை 'ஏ.சி.எல். ஆந்தாலஜி' என்ற இணையத் தொகுப்பில் யாரும் படிக்கும்படி இலவசமாக வைத்திருக்கிறது.

கேள்வி: கோத்தகிரியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். படுகர் சமூகத்தைச் சேர்ந்தவன். செல்பேசியில் எத்தனையோ மொழிகள் வந்துவிட்டன, எங்கள் மொழி இல்லை. அது வருவதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தோடர், கோத்தர் மொழிகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான், ஆகவே பதில் நீளும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படுக மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,30,000-க்கும் மேல். ஆனால் அவர்கள் கன்னடம் என்ற தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டுள்ளனர். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் படுக மொழி இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரி அந்த 22 மொழிகளையும் உள்ளடக்கியது. அது பெரும் சாதனை. ஆனால் அட்டவணையை எல்லையாகக் கொண்டு எந்தப் பணி நடந்தாலும் நீலகிரியின் சொந்த மொழிகள் எல்லாமே எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இத்தனைக்கும், அறிஞர் உலகம் இம்மொழிகளை அறியாததன்று. மொழியியலாளர் எமனோ 1930-களின் பிற்பகுதியில் இம்மலையில் தங்கித் தோடர், கோத்தர், படுகர் மொழிகளை ஆராய்ந்தார். இன்னொரு மொழியியலாளரான பரோவுடன் சேர்ந்து அவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவற்றின் சொற்கள் இடம்பெற்றுள்ளன; அதன் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பை இன்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஹாக்கிங்ஸும் பிலோ-ரைச்சூரும் தொகுத்த படுக–ஆங்கில அகராதி 1992-இல் வெளிவந்தது. அகராதி சொல்லைத் தரும். ஆனால் ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கத் தொடர்ச்சியான பேச்சும் அதன் எழுத்து வடிவமும் தேவை. அதுதான் இல்லை.

எழுத்து வடிவம் என்றவுடன் முதல் சிக்கல் எழுகிறது. படுக மொழியைச் சிலர் தமிழ் எழுத்திலும் சிலர் கன்னட எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் எழுதுகிறார்கள். மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். கணினிக்கோ ஒரே சொல் மூன்று நான்கு சொற்களாகச் சிதறிப்போகும், சிறிய தரவு மேலும் சிறியதாகும். அத்துடன், தமிழ் எழுத்தில் எழுதிய படுக வாக்கியத்தை, அம்மொழியையே அறியாத மொழி கண்டறியும் கருவி தமிழ் என்று முத்திரை குத்திவிட வாய்ப்புண்டு; இணையத்தில் இருக்கும் கொஞ்சமும் அப்படி அடையாளமின்றிக் கலந்துவிடும்.

ஒலியிலும் கவனம் வேண்டும். படுக மொழியின் ஐந்து உயிரொலிகளையும் நாவை மடக்கும் அளவைக் கொண்டு இயல்பு, பாதி, முழுமை என்று மூன்று நிலைகளில் பிரித்துக் கேட்டதாக எமனோ 1939-இல் எழுதினார். உலக மொழிகளில் மிக அரிதான பண்பு இது. இன்று பெரும்பாலோர் பேச்சில் அது மங்கிவிட்டதாகப் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) அந்த வேறுபாட்டைக் காட்டிப் பேசும் முதியவர் யாரேனும் இருந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் அவரைப் பதிவுசெய்யுங்கள். தோடர் மொழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அதில் நாவை அதிரச் செய்யும் ரகர ஒலிகள் மட்டுமே ஆறு இருப்பதாக 1996-இல் வெளியான ஒலியியல் ஆய்வு காட்டியது.

செய்முறையைச் சொல்கிறேன். அமைதியான அறையில், வாய்க்கு அருகில் ஒலிவாங்கி வைத்து, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகப் பதிவுசெய்ய வேண்டும். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்.பி. ஆகும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டு, நாமடி ஒலிகளைப் பிரித்தறிய உதவும் நுண் கூறுகள் கெடலாம். படுகர் கொண்டாடும் ஹெத்தை அம்மன் பண்டிகைக் கூட்டத்தில் எடுத்த பதிவு நினைவுக்கு நல்லது, பயிற்சிக்கு உதவாது. பதிவை எழுத்தாக்கும்போது ஒலிக்கும் எழுத்துக்கும் நேரம் பொருத்த 'ஈலான்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியை அலசப் 'பிராட்' இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். பேசியவர் எந்த ஊர், என்ன வயது என்ற விவரமும், பதிவை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அவருடைய இசைவும் ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இந்த இசைவைச் சம்பிரதாயமாக எண்ணிவிடக் கூடாது. தோடர், கோத்தர் சமூகங்களில் சாவுச் சடங்கோடு இணைந்த பாடல்கள் உண்டு. அவற்றில் எதை வெளியார் கேட்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்களே. இணையத்தில் ஏற்றிய பதிவு எந்த நிறுவனத்தின் பயிற்சித் தரவிலும் போய்ச் சேரலாம், பிறகு திரும்பப் பெற வழியில்லை. எனவே எதை வெளியிடலாம், எதைச் சமூகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் இளையோரும் கூடிப் பேசி முடிவெடுத்த பின்பே பதிவைத் தொடங்குங்கள்.

2023-இல் மெட்டா நிறுவனம் 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பேச்சறி (பேச்சை எழுத்தாக்கும்) மாதிரியை வெளியிட்டபோது, அதற்கான தரவில் பெரும்பகுதி விவிலிய வாசிப்புகளிலிருந்து வந்தது. பிற மொழிகளில் பயின்ற அத்தகைய மாதிரியைச் சில மணி நேரச் சிறிய மொழிப் பேச்சைக் கொண்டு திருத்திப் பழக்கலாம் என்பதுதான் இன்று உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு. உரையாடும் இயந்திரம் செய்ய வேண்டும் என்று இப்போதே தொடங்காதீர்கள். நல்ல பதிவு இருபது ஆண்டு கழித்து வரும் கருவிக்கும் பயன்படும். இன்றைய மாதிரி அதற்குள் பழசாகிவிடும்.

கேள்வி: ஊட்டியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். கணிதம் பள்ளியோடு சரி. கணினி மொழியியல் ஆராய்ச்சியில் எனக்கு இடம் உண்டா?

பதில்: உண்டு, உங்களைப் போன்றவர்கள் போதாததால்தான் தமிழில் பல வேலைகள் நிற்கின்றன. வாக்கியங்களின் இலக்கண உறவுகளைக் குறித்துவைத்த தொகுப்பை மரவங்கி என்பார்கள். பிராகில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ் மரவங்கியில் 600 வாக்கியங்கள். ஆங்கிலத்துக்குள்ள மரவங்கிகளில் ஒன்றில் மட்டும் 16,000-க்கும் மேல். இந்த இடைவெளியை நிரப்பத் தமிழ் இலக்கணம் அறிந்தவர் வேண்டும்.

'வந்துகொண்டிருந்தான்' என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறோம். 'வந்து கொண்டிருந்தான்' என்றும், 'வந்து கொண்டு இருந்தான்' என்றும் அச்சில் காண்கிறோம். மரவங்கியில் இதை ஒன்றாகக் கொள்வதா, மூன்றாகப் பிரிப்பதா, 'கொண்டு' துணைவினையா என்ற முடிவை ஒருமுறை எடுத்துவிட்டு, ஆயிரம் இடங்களிலும் மாறாமல் பின்பற்ற வேண்டும். இலக்கணப் பயிற்சி இல்லாத பொறியாளரால் இதைச் செய்ய முடியாது. உங்கள் பக்கத்தில் பைத்தான் நிரல்மொழியும், நிகழ்தகவும், திசையன்கள் (சொற்களை எண் வரிசைகளாகக் காட்ட உதவும் கணிதம்) பற்றிய அடிப்படையும் கற்க வேண்டியிருக்கும். ஓராண்டு உழைப்பில் கைவரக்கூடியவைதாம்.

தொடக்கமாக, ஏதேனும் ஒரு செய்தித்தாளிலிருந்து 50 வாக்கியங்களை எடுத்து, நீங்களும் ஒரு தோழியும் ஒருவருடையதை ஒருவர் பார்க்காமல் சொல்வகையைக் குறியுங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதை ஜேகப் கோஹன் 1960-இல் தந்த 'கப்பா' அளவால் கணக்கிடலாம். தற்செயலாக ஒத்துப்போகும் பங்கை அது கழித்துவிடும். வேறுபட்ட இடங்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் எந்த முடிவை எந்த இலக்கணக் காரணத்தால் எடுத்தீர்கள் என்று எழுதினால், அதுவே உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்கு நல்ல அடித்தளமாக அமையும்.