ஊரடங்கில் குடும்ப வன்முறை கூடியதற்கு வேலையிழப்பும் மன அழுத்தமும்தான் காரணமா?

அவை மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை போன எத்தனையோ பேர் வீட்டில் யார் மீதும் கை வைக்கவில்லை. என் அக்கா கணவருக்கு ஒரு மாதச் சம்பளம்கூட நிற்கவில்லை. அடி மட்டும் கூடியது.

அதற்கு முன்பும் அவர் அடிப்பவர்தான். ஆனால் அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு அக்காவுக்குப் பகல் முழுக்க மிச்சம் இருக்கும். எனக்கு போன் செய்வாள், அம்மாவைப் பார்க்க வருவாள், பிள்ளையைப் பள்ளியில் விடும்போது நாலு பேரோடு பேசுவாள். கன்னம் வீங்கியிருந்தால் யாராவது கேட்டுவிடுவார்களே என்ற பயம் அவருக்கும் இருந்தது. 2020 மார்ச்சில் அத்தனையும் ஒரேயடியாக நின்றுபோனது. மனைவியை யாரோடும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கத்தான் இப்படிப்பட்ட ஆட்கள் வருடக்கணக்கில் பாடுபடுவார்கள். அந்த வேலையை ஊரடங்கு ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டது. (நோயைத் தடுக்க ஊரடங்கு வேண்டியிருந்தது, அதை நான் மறுக்கவில்லை.)

அப்புறம் போன் பேச்செல்லாம் ஸ்பீக்கரில்தான். "சாப்பிட்டியா?" "ம், சாப்பிட்டேன்." அவ்வளவுதான். குப்பை கொட்டக் கீழே வரும்போது மட்டும் அவளே கூப்பிடுவாள். அவசர அவசரமாகப் பேசிவிட்டு, மாடி ஏறுவதற்குள் அந்த அழைப்பை அழித்துவிடுவாள்.

அதனால், "புகார் வரவில்லை, அப்படியென்றால் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இத்தாலியில் ஊரடங்கின் தொடக்கத்தில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் குறையத்தான் செய்தன. அடிப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கூப்பிட முடியும்? அமெரிக்காவில் பள்ளிகள் மூடியதும் குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய புகார்களும் குறைந்தன, கவனித்துச் சொல்ல ஆசிரியர்கள் இல்லாததால். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் இதைப் புரிந்துகொண்டார்கள். மருந்துக் கடையில் "மாஸ்க் 19" என்று கேட்டால் போதும், கடைக்காரர் உதவிக்கு ஆளை அழைப்பார். வெளியே போக அனுமதி இருந்த சில இடங்களில் மருந்துக் கடையும் ஒன்று என்பதால் அது பலித்தது. கனடாவிலிருந்து வந்த கைச்சைகையும் அப்படித்தான்: உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களால் அதை மூட வேண்டும். வீடியோ அழைப்பில் வாய் திறக்காமலே உதவி கேட்டுவிடலாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி மாட்டியிருந்தால், "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். விட்டுப் போகும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்து அதிகம். அடிப்பவருக்கு போன் செய்து திட்டவும் வேண்டாம். நீங்கள் போனை வைத்த பிறகு அடி அவளுக்குத்தான் விழும். என் அம்மா திட்டக் கிளம்பினார், அக்காதான் கெஞ்சித் தடுத்தாள். "ஆமாம்", "இல்லை" என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த வார்த்தை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நீங்கள் வாங்கி வைத்திருங்கள். அக்கா அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஊரடங்கு தளர்ந்ததும் பிள்ளையோடு அவள் கிளம்பி வந்தபோது, வழக்குப் போட அந்தப் படங்கள்தான் உதவின.